அடிக்கு முந்தைய நிமிடம்: ஆட்டிசம் உள்ள மாணவர்களும் ஆக்ரோஷமும்

"மாணவன் அடிக்கும்போது என்ன செய்வது?" ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் எங்கே கூடினாலும் முதலில் எழும் கேள்வி இது. அடி விழும் அந்த இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. யாருக்கும் காயம் படாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடியைக் குறைக்கும் வேலை மீதி நேரத்தில்தான் நடக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

அடிப்பது, கடிப்பது, கிள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது எல்லாம் அரிதான விஷயங்கள் அல்ல. 2011-இல் வெளியான ஒரு ஆய்வில் ஆட்டிசம் உள்ள 1,380 சிறார்களின் பெற்றோரிடம் கேட்டார்கள். அந்தச் சிறார்களில் 68 சதவீதம் பேர் தங்களைப் பராமரிப்பவர்களையும், 49 சதவீதம் பேர் மற்றவர்களையும் தாக்கியிருந்தார்கள். மருத்துவர்கள் கணித்த ஆட்டிசத் தீவிரத்துக்கும் ஆக்ரோஷத்துக்கும் அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை. அறிவுத்திறனோடும் தொடர்பு இல்லை. ஆகவே "கடுமையான ஆட்டிசம், அதான் அடிக்கிறான்" என்று சொல்லி முடித்துவிட முடியாது. அடி அந்த மாணவனுக்கு ஏதோ ஒன்றைப் பெற்றுத் தருகிறது. அது எது என்று தெரியாமல் நாம் எடுக்கும் நடவடிக்கை பல நேரம் அடியை வளர்த்துவிடும்.

முதலில் உடம்பு

நேற்று வரை இல்லாத அடி திடீரென்று தொடங்கினாலோ, ஒரே வாரத்தில் இரண்டு மடங்கானாலோ, வேறு எதையும் மாற்றுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, நெஞ்செரிச்சல், தலைவலி, மாதவிடாய் வலி, தூக்கக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று எதுவும் காரணமாக இருக்கலாம். நன்றாகப் பேசும் பிள்ளைகளிலும் பலருக்கு வலி எங்கே, எப்படி என்று சொல்ல வராது. கன்னத்தைத் தட்டிக்கொள்வது, ஒரே பக்கமாக மெல்லுவது, வயிற்றை மேசை விளிம்பில் வைத்து அழுத்துவது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முதுகை வளைத்து முறுக்குவது போன்றவற்றைப் பார்த்தால் டாக்டரிடம் அனுப்புங்கள்.

வீட்டிலிருந்து தினமும் நான்கு தகவல் வந்தால் போதும்: எத்தனை மணிக்குத் தூங்கினான், இரவில் எத்தனை முறை விழித்தான், சாப்பிட்டானா, மலம் கழித்தானா. ஒரு மாதப் பதிவை அடிக்கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில மாணவர்களிடம் தொடர்பு பளிச்சென்று தெரியும்.

காரணமே இல்லாமல் அடித்தானா?

"மிகவும் கோபப்பட்டான், காரணமே இல்லாமல் அடித்தான்." குறிப்பேடுகளில் அதிகம் காணப்படும் இந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. அதற்குப் பதில் ஏபிசி பதிவு எழுதுங்கள். ஏபிசி பதிவு என்பது அடிக்கு முன் நடந்தது, அடி, அடிக்குப் பின் நடந்தது ஆகிய மூன்றையும் கேமரா பார்த்ததுபோல எழுதுவது. ஒரு மாதிரிப் பதிவு:

"10.40. கணக்கு. ஆசிரியர் இரண்டாவது தாளை வைத்து 'இதையும் முடி' என்றார். தாளைத் தள்ளினான், முனகினான். ஆசிரியர் தாளை மறுபடி அவன் முன்னால் நகர்த்தினார். ஆசிரியரின் முன்கையில் வலது கையால் இரண்டு முறை அடித்தான். ஆசிரியர் தாளை எடுத்துக்கொண்டு 'போய் மூலையில் உட்கார்' என்றார். போய் உட்கார்ந்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். 11.05 வரை கணக்குத் தரவில்லை."

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று கடைசி வாக்கியம். ஆசிரியர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது, மாணவனுக்கு 25 நிமிடம் கணக்கில்லாத நேரமாகப் போய்ச் சேர்ந்தது. நாளையும் இரண்டாவது தாள் வந்தால் அவன் எதைச் செய்வான் என்று சொல்லத் தேவையில்லை. மற்றொன்று, தாளைத் தள்ளியதும் முனகியதும். அவன் முதலில் கையை ஓங்கவில்லை. "வேண்டாம்" என்று தனக்குத் தெரிந்த வழியில் இரண்டு முறை சொன்னான், இரண்டும் பலிக்கவில்லை. இந்த முன்னறிகுறிகள் ஒவ்வொரு மாணவனுக்கும் வேறுபடும்: காது சிவப்பது, நடை வேகமாவது, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது, சட்டைக் காலரைக் கடிப்பது. அவனுடைய அறிகுறிகளைப் பட்டியலிட்டு, அவனோடு இருக்கும் எல்லாப் பெரியவர்களிடமும் கொடுத்துவிடுங்கள்.

பத்துப் பதினைந்து சம்பவங்கள் சேரும்வரை எழுதுங்கள். கூடவே பள்ளி நேரத்தை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, அடி விழுந்த கட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே வாருங்கள். வெள்ளையாக இருக்கும் கட்டங்களும் முக்கியம். இசை வகுப்பில் ஒருநாளும் அடி இல்லை என்றால், அங்கே என்ன வேறாக இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

பதிவுகளை அடுக்கிப் பார்த்தால் அடியின் பலன் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: பிடிக்காததிலிருந்து தப்பிப்பது, கவனத்தைப் பெறுவது, பொருளையோ விருப்பமான செயலையோ பெறுவது, உடலுக்குக் கிடைக்கும் உணர்வு. நடத்தைக்கான காரணத்தை இப்படிச் சோதித்துப் பார்க்கும் முறையை 1982-இல் அமெரிக்க உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் குழுவினரும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையை வைத்து வகுத்தார்கள். அடுத்தவரைத் தாக்கும் நடத்தையில் நான்காவது வகை குறைவு. முதல் மூன்றும், அவற்றின் கலவையும்தான் அதிகம். டேப்லெட்டை வாங்கிவிட்டுப் புத்தகத்தை நீட்டும் நொடியில் அடி விழுந்தால், அவன் ஒரே அடியில் இரண்டைக் கேட்கிறான்: இது வேண்டாம், அது வேண்டும்.

இது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், ஒரே அடிக்கு நேரெதிரான சிகிச்சை தேவைப்படலாம் என்பதுதான். கவனத்துக்காக அடிப்பவனை வகுப்பிலிருந்து சற்று விலக்கி வைத்தால் அடி குறையலாம். தப்பிப்பதற்காக அடிப்பவனை அப்படி விலக்கினால் அதுவே அவனுக்குப் பரிசு. பெற்றோருக்குப் போன் செய்து "வந்து கூட்டிப் போங்கள்" என்பது இதன் உச்சம். பள்ளியை விட்டுப் போக எத்தனை அடி தேவை என்பதை நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

16 கேள்வி, 25 கேள்வி என்று காரணத்தைக் கண்டுபிடிக்கும் வினாத்தாள்கள் உண்டு. பேச்சைத் தொடங்கிவைக்க அவை நல்லவை. அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரே மாணவனைப் பற்றி இரண்டு ஆசிரியர்கள் நிரப்பினால் இரண்டு விடை வருவது சகஜம். வேண்டுமென்றே சூழலை மாற்றி அடியை வரவழைத்துச் சோதிக்கும் முறையைப் பயிற்சி பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர் இல்லாமல் யாரும் முயலக் கூடாது.

அடியின் இடத்தில் ஒரு அட்டை

ஆய்வுகள் மிக உறுதியாகத் தாங்கும் முறைகளில் ஒன்று, அடி பெற்றுத் தந்ததை வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொடுப்பது. உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் நான்கு பிள்ளைகளோடு செய்த ஆய்வு இதற்கு அடித்தளம். பாடம் கடினம் என்பதால் கலாட்டா செய்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும், கவனம் தேவைப்பட்ட பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கலாட்டா இறங்கியது. காரணத்தோடு பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது இறங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பிரேக் கார்டை (ஓய்வு கேட்க நீட்டும் அட்டையை) லேமினேட் செய்து மாட்டிவிடும் பள்ளிகள் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்க வேண்டும்.

மேலே சொன்ன கணக்குத்தாள் மாணவனையே எடுத்துக்கொள்வோம். அவனுக்குத் தேவை ஓய்வு கேட்கும் வழி. அந்த வழி அடிப்பதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். அடிக்கு ஒரு கை அசைவு போதும் என்றால், இதற்கும் ஒரே அசைவுதான். உள்ளங்கை அளவு அட்டை, மேசையின் வலது ஓரத்தில் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கட்டும், அவன் கை நீட்டினால் எட்டும் இடத்தில். பேசுபவனாக இருந்தால் "பிரேக்" என்ற ஒற்றைச் சொல். "டீச்சர், எனக்குத் தயவுசெய்து..." என்ற முழு வாக்கியத்தை ஆரம்பத்தில் எதிர்பார்க்காதீர்கள். அமைதியாக இருக்கும்போது அழகாகச் சொல்லுவான். பதற்றம் ஏறும்போது பேச்சுதான் முதலில் போகும்.

கற்றுக்கொடுப்பது அமைதியான நேரத்தில், முடிந்தால் இரண்டு பெரியவர்களோடு. ஒருவர் முன்னால் இருந்து கொஞ்சமே பிடிக்காத ஒரு வேலையை வைக்கிறார். பின்னால் இருப்பவர், முனகல் தொடங்குவதற்கு முன்பே, எதுவும் பேசாமல் அவன் கையை அட்டைக்குக் கொண்டுபோய் எடுத்து நீட்ட வைக்கிறார். அட்டை கைக்கு வந்த ஓரிரு நொடிக்குள் முன்னால் இருப்பவர் "பிரேக், சரி" என்று சொல்லிவிட்டு வேலையை அகற்றுகிறார். ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. டைமர் அடித்ததும் வேலையின் ஒரு சின்னத் துண்டு, மறுபடி அட்டை. ஒரு அமர்வில் எட்டு, பத்து முறை. முதல் நாள்களில் உடனே உதவுங்கள். பிறகு 2 நொடி பொறுத்து, அப்புறம் 5 நொடி பொறுத்து உதவுங்கள். பின்னால் இருப்பவர் பேசக் கூடாது என்பதை மறுபடி சொல்கிறேன். "என்ன பண்ணணும்? கார்டு எங்கே?" என்று கேட்டுப் பழக்கினால், அந்தக் கேள்வி வரும்வரை அட்டையைத் தொடமாட்டான்.

இடையில் அடித்துவிட்டால்? கையைத் தடுத்துக்கொள்ளுங்கள், முகத்தில் எதையும் காட்டாதீர்கள். உடனே அட்டையை எடுக்க வைத்து ஓய்வு கொடுத்தால் "அடி, அட்டை, ஓய்வு" என்று ஒரு சங்கிலி உருவாகிவிடும். மிகச் சுலபமான ஒன்றைச் செய்யவைத்து, சில நொடி அமைதிக்குப் பிறகு அட்டைக்கு உதவுங்கள். அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே உதவுங்கள். ஒரு அமர்வில் மூன்று அடி விழுந்தால் வேலை கடினமாக இருக்கிறது அல்லது உதவி தாமதமாகிறது என்று அர்த்தம்.

முதல் வாரம் அவன் நாளுக்கு முப்பது முறைகூட அட்டையை நீட்டலாம். ஆசிரியர்கள் கலங்கிப்போவது இங்கேதான்: "எந்நேரமும் பிரேக் கேட்கிறான், எப்போது பாடம் நடத்துவது?" அட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் அடி திரும்பிவிடுகிறது, "இந்த முறை எங்கள் பையனுக்கு வேலை செய்யவில்லை" என்று கோப்பில் எழுதப்படுகிறது. முப்பது முறை கேட்டது வெற்றி. முப்பது முறை அடித்திருக்க வேண்டியவன் அவன்.

அட்டையைத் தானாக எடுக்கிறான், அடி கிட்டத்தட்ட இல்லை என்ற நிலை மூன்று நாள் நிலைத்த பிறகுதான் ஓய்வின் அளவைக் குறைக்கத் தொடங்க வேண்டும். "ஒரு கணக்கு, அப்புறம் பிரேக்." அது நிலைத்ததும் இரண்டு, பிறகு மூன்று, ஐந்து. அடி திரும்பினால் கடைசியாகச் சரியாகப் போன படிக்கு இறங்குங்கள். ஆரம்பத்துக்குப் போக வேண்டியதில்லை. பச்சை அட்டை மேசையில் இருந்தால் கேட்கலாம், சிவப்பு இருந்தால் கொஞ்ச நேரம் கிடைக்காது என்று காட்டுவது இன்னொரு வழி. "கொஞ்சம் பொறு" என்பதையும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்: 2 நொடி, 5, 10, 30. ஒவ்வொரு முறையும் காத்திருக்க வைக்காமல், நடுநடுவே கேட்டவுடன் கொடுத்துவிடுங்கள். எப்போது உடனே கிடைக்கும் என்று தெரியாதபோது கேட்பது தேய்ந்துபோவதில்லை.

பலனை நிறுத்தும்போது

அடிக்குக் கிடைத்துவந்த பலனை நிறுத்தினால், குறைவதற்கு முன் அடி கொஞ்ச காலம் கூடலாம், வேகமும் கூடலாம். இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். நிறுத்த முடிவு செய்த குழு, அந்த உச்சத்தைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே பேசிவைக்க வேண்டும். மூன்று நாள் உறுதியாக இருந்துவிட்டு நான்காம் நாள் பெரிய அடிக்குப் பணிந்தால், இனிமேல் பெரிய அடியே தேவை என்று அவன் கற்றுக்கொள்வான். எப்போதாவது பலிக்கும் நடத்தைதான் அழிக்க மிகக் கடினமானது.

மாணவன் பெரியவன், பலசாலி, அல்லது அருகில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் இந்த வழிக்கே போகாதீர்கள். அதற்குப் பதில் இரண்டு பலன்களுக்கும் இடையே பெரிய வித்தியாசத்தை வையுங்கள். அட்டைக்கு: உடனடியாக, 3 நிமிடம், பிடித்த பொருளோடு. அடிக்கு: பாதுகாப்புக்காக வேலையை நிறுத்த வேண்டி வந்தாலும் 20, 30 நொடி, வெறும் ஓய்வு. பலனை முற்றிலும் நிறுத்தாமலேயே இப்படித் தராசைச் சாய்க்க முடியும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான வகுப்பறைகளுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கணிப்பு. "கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்ற அறிவுரையை மற்ற மாணவர்கள்மேல் விழும் அடிக்குப் பொருத்தவே கூடாது.

அடி தேவைப்படாத சூழலை அமைப்பதில் பாதிப் பிரச்சினை தீரும். தெரிந்த கணக்குகளுக்கு நடுவே புதியதைச் செருகுங்கள். கடினமான வேலைக்கு முன் அவன் நிச்சயம் செய்யும் மூன்று நான்கு சின்ன வேலைகளைச் சட்சட்டென்று சொல்லுங்கள், "கை தட்டு, பேனாவைக் கொடு, ஹை ஃபைவ்", அதே வேகத்தில் கடினமானது. எது முதலில், எந்தப் பேனா, எந்த நாற்காலி என்று தேர்வு கொடுங்கள்; செய்யலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்காதீர்கள். "முதலில் இது, பிறகு அது" என்று இரண்டு படம் ஒட்டிய பலகை. "இன்னும் ஐந்து நிமிடம்" என்ற வாய்ச்சொல் பலருக்கு அர்த்தமற்றது. சிவப்புப் பகுதி குறைந்துகொண்டே வரும் டைமர் புரியும். கவனத்துக்காக அடிப்பவனிடம், சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறான் என்றால், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களாகப் போய்ப் பேசுங்கள், அவன் எதுவும் செய்யாமலே.

பிள்ளையை அமைதிப்படுத்தும் என்று சொல்லி அணிவிக்கும் எடைபோட்ட ஜாக்கெட்டைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இதுவரையிலான ஆய்வுத் தொகுப்புகள் அதற்குச் சாதகமாக இல்லை. காசை டைமருக்கும் வெல்க்ரோவுக்கும் செலவழிக்கலாம்.

கை ஓங்கிவிட்டால்

முன்னறிகுறி தெரிந்ததுமே பேச்சைக் குறையுங்கள். இரண்டு மூன்று சொல், தாழ்ந்த குரல், அட்டையைக் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் ஓய்வு கொடுப்பது தோல்வி அல்ல; இன்னும் அடி விழவில்லை. நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், அவன் கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கதவை மறைக்காதீர்கள். அடி தொடங்கிவிட்டால் அவனை இழுத்துப் போவதைவிட மற்ற மாணவர்களை வெளியே அனுப்புவது பாதுகாப்பு. யார் அனுப்புவது, யார் அவனோடு இருப்பது, யார் உதவிக்குப் போவது என்பது முன்பே எழுதியிருக்க வேண்டும். கத்தரிக்கோல், கண்ணாடி, நகரும் நாற்காலி அப்புறப்படட்டும். "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்காதீர்கள், புதிதாக எதையும் செய்யச் சொல்லாதீர்கள்.

முடியைப் பிடித்துவிட்டால் உங்கள் தலையைப் பின்னால் இழுக்காமல், அவன் கையை உங்கள் இரு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். இழுவை நின்றால் வலியும் காயமும் குறையும். கடித்துவிட்டால் வெடுக்கென்று பிடுங்குவதுதான் சதையைக் கிழிக்கும். இவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. பயிற்சியாளரிடம் கையோடு கை பழக வேண்டும். உடலைப் பிடித்து நிறுத்துவது உடனடி ஆபத்து உள்ளபோது மட்டும், பயிற்சி பெற்றவர்கள் மட்டும், ஆபத்து நீங்கிய நொடிவரை மட்டும். குப்புறக் கிடத்திப் பிடிப்பது, மார்பிலோ முதுகிலோ பாரம் போடுவது கூடவே கூடாது. மூச்சடைத்து மரணங்கள் நடந்திருக்கின்றன.

அடங்கியதுபோல் தெரிந்தாலும் மீளக் கணிசமான நேரம் ஆகும். உடனே மன்னிப்புக் கேட்கச் சொன்னாலோ, விட்ட கணக்கை எடுத்து நீட்டினாலோ இரண்டாவது அலை வரும். தண்ணீர், அமைதி, பிறகு மிகச் சுலபமான ஒரு வேலை.

எண்ணிக்கை

திட்டம் தொடங்குமுன் குறைந்தது ஐந்து நாள் கணக்கு வேண்டும். நாளுக்கு எத்தனை அடி என்பதைவிட மணிக்கு எத்தனை என்று எழுதுங்கள். அரைநாள் வந்த நாளும் முழுநாளும் ஒன்றாகிவிடக் கூடாது. அந்த எண்ணிக்கையை வரைபடமாக்குங்கள்; அதில் திட்டம் தொடங்கிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு. இரண்டு வாரமாகியும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், மாணவனைச் சந்தேகிக்குமுன் பெரியவர்களைச் சரிபாருங்கள். திட்டத்தின் படிகளைப் பட்டியலாக்கி, ஒருவர் அரைமணி நேரம் பார்த்து டிக் செய்யட்டும். பத்தில் எட்டுப் படிகூட நடக்கவில்லை என்றால் அந்தத் திட்டம் இன்னும் சோதிக்கப்படவே இல்லை. வழக்கமாக விட்டுப்போவது ஒரே படி: அட்டை நீட்டியதும் உடனே கொடுப்பது.

வீட்டிலும் இதே முறை நடந்தால் பலன் கூடும். 2015-இல் வெளியான ஒரு ஆய்வில் 3 முதல் 7 வயது வரையுள்ள 180 பிள்ளைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்தார்கள். 24 வாரத்தில், நடத்தையைக் கையாளும் பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகளிடம் எரிச்சல் மதிப்பெண் (கோபம், கலாட்டா, ஆக்ரோஷம் போன்றவற்றுக்குப் பெற்றோர் தரும் மதிப்பெண்) 47.7 சதவீதம் இறங்கியது. ஆட்டிசம் பற்றிய தகவல் மட்டும் பெற்றவர்களிடம் 31.8 சதவீதம்.

மருந்து பற்றிய கேள்வியும் வந்தே தீரும். ஆட்டிசத்தோடு வரும் எரிச்சலுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்றவை ரிஸ்பெரிடோனும் (2006) அரிபிப்ரசோலும் (2009). ரிஸ்பெரிடோனை 101 பிள்ளைகளிடம் 8 வாரம் சோதித்த 2002 ஆய்வில் 69 சதவீதம் பேருக்கு நல்ல பலன், போலி மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கு. அதே 8 வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 0.8 கிலோ. பசி, தூக்கக் கலக்கம் இரண்டும் கூடும். வகுப்பில் தூங்கி வழியும் மாணவன் அடிக்காமல் இருப்பதை முன்னேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் சேர்ந்தால் மருந்து மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று 2009 ஆய்வு காட்டியது.

தேவையா, எவ்வளவு என்பது மருத்துவரின் முடிவு. பள்ளி தர வேண்டியது அந்த வரைபடத்தை, மணிக்கணக்கு எண்ணிக்கையோடும் தூக்கப் பதிவோடும். மருந்தின் அளவு மாறும் வாரத்தில் வகுப்பறைத் திட்டத்தை மாற்றாதீர்கள். இரண்டும் ஒன்றாக மாறினால் அடி குறைந்தது எதனால் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.